ஆறு மணி நேரம் என்று எழுதினேன்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று எட்டு மாதிரிகள். மாத்திரை உறை செய்ய வரும் ஜெலட்டினைக் கரைத்து, ஆறவைத்து, எவ்வளவு அழுத்தத்தில் ஊசி உள்ளே இறங்குகிறது என்று பார்க்கிற வேலை. ஏழு தேறின. எட்டாவது தளதளவென்று கிடந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன். அனுப்பியவன் போனில் கத்தினான். கத்தட்டும்.

மதியம் சாப்பாட்டு அறையில் யாரோ விட்டுப்போன செய்தித்தாள். டீயை வைக்கப் போன இடத்தில் பெருந்தலையின் முகம்! நான் முன்பு வேலை பார்த்த ஆராய்ச்சி லேபின் தலைவர், அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. தலையும் பெரிசு, கனமும் ஜாஸ்தி. படத்தில் உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். அதில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளைப் பஞ்சு வில்லை. முட்டியில் தேய்ந்துபோன குருத்தெலும்பு இருந்த இடத்தில் அதை வைத்தால் புதிது வளருமாம், பட்டிலிருந்து எடுத்ததாம், முதலில் பத்துப் பேருக்கு வைத்துப் பார்க்க அனுமதி கிடைத்துவிட்டதாம். "பதிமூன்று வருடம் தனியாளாகப் போராடினேன்" என்கிறார்.

தனியாளாம்!

அந்த வில்லையைச் செய்தது இந்தக் கை. பட்டுக்கூட்டை வெட்டிப் புழுவை எடுத்துப் போட்டது, சலவைச் சோடாவில் அரை மணி வேகவைத்துப் பசையை நீக்கியது, கரைத்தது, உறையவைத்துப் பஞ்சாக்கியது, எல்லாம் இந்தக் கைதான். ஒன்பது வருஷம். கட்டுரை வெளிவந்தபோது ஏழு பேர் பெயர் இருந்தது. அதில் இரண்டு பேர் பட்டுக்கூட்டைக் கண்ணால்கூடப் பார்த்தவர்கள் இல்லை. என் பெயர் இல்லை. போய்க் கேட்டேன். "நீ டெக்னீஷியன்மா. டெக்னீஷியன் பேரெல்லாம் போடுறதில்ல" என்றார், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். அடுத்த மாதமே வேலையை விட்டேன். நாலு வருஷம் ஆகிறது.

ஆறிப்போய்விட்டது என்று நினைத்திருந்தேன். எங்கே ஆறியது.

பிப்ரவரி 12, புதன்

காலையில் பல் துலக்கும்போது அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், வாயெல்லாம் நுரையோடு. நான்தான் ஜெயித்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அண்ணனும் அந்தச் செய்தியைப் பார்த்திருக்கிறான். பார்த்ததோடு விட்டானா? விண்ணப்பமும் வாங்கி வந்திருக்கிறான்.

அண்ணன் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். பதிமூன்று வருஷத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்து வலது முட்டி போனது. இன்றைக்கும் உட்கார்ந்தால் எழ ஒரு கை வேண்டும், எழுந்தால் ஒரு சத்தம் வரும். நான் அந்த லேபில் சேர்ந்ததே அந்த முட்டிக்காகத்தான். அதனால் அவன் கேட்பதில் தப்பில்லை. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த ஆளுகிட்ட போய் நிக்கப் போறியாண்ணே?"

"நான் எங்க அவன்கிட்ட நிக்கிறேன்? என் தங்கச்சி செஞ்ச பஞ்சுகிட்ட நிக்கிறேன்."

"அது இப்ப அவன் பஞ்சு."

"முட்டிக்குத் தெரியுமா பாப்பா யாரு பஞ்சுன்னு?"

பாத்திரத்தை ஓங்கி வைத்தேன். கைப்பிடி கழன்றுவிட்டது.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்று ஒன்று கண்டுபிடித்தேன்.

இந்த நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். லேபில் கடைசி இரண்டு வருஷம் இதே நோட்டில்தான் எழுதினேன், பழக்கதோஷத்தில் பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு. செய்ததெல்லாம் நான்தான் என்று காட்ட ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன். கிடைத்தது வேறு.

பஞ்சைச் செய்து முடித்ததும் ஈரப்பெட்டியில் வைப்போம். அடியில் தண்ணீர், மேலே தட்டு, இறுக்கமான மூடி. அந்த ஈரத்தில்தான் பட்டு இறுகும். இறுகாத பஞ்சு தண்ணீர் பட்டால் கரையும். லேபின் பதிவேட்டில் எல்லா பேட்சுக்கும் "ஈரப்பெட்டி: ஆறு மணி நேரம்" என்று எழுதியிருக்கிறேன். கட்டுரையிலும் அதுதான்.

ஆனால் இந்த நோட்டில்? "பேட்ச் 41ஐ பெட்டியில் வைத்துவிட்டு ஓடினேன், அண்ணனுக்கு மூன்று மணிக்கு உடற்பயிற்சி." வெள்ளிக்கிழமை. "44. வைத்துவிட்டு ஓடினேன்." வெள்ளி. 47, 52, 58, எல்லாம் வெள்ளி. எடுத்தது எல்லாம் திங்கட்கிழமை காலை! ஆறு மணி நேரம் இல்லை, அறுபத்தாறு மணி நேரம்.

ஏன் ஆறு என்று எழுதினேன்? சனி ஞாயிறு எதையாவது உள்ளே விட்டுப்போனால் பெருந்தலையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கேட்டால், "வீட்டுக்கு ஓடுற அவசரமா?" என்று எல்லார் முன்னாலும் வைவார். யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? நடந்ததை எழுதவில்லை, நடந்திருக்க வேண்டியதை எழுதினேன். லேபில் இருந்தவர்களைக் கேளுங்கள், செய்யாதவர் யார் என்று.

புதன்கிழமை வைத்து அன்றைக்கே எடுத்த பேட்சுகள்தான் நிஜமாகவே ஆறு மணி நேரம். மூட்டு நீர் மாதிரி ஒரு கரைசலில் ஊறப்போட்டு ஆட்டிக்கொண்டே இருப்போம். மூன்றாவது வாரம்வரை ஜோராக இருக்கும். ஏழாவது வாரம் தூளாகிக் கலங்கிவிடும். "கூடு சரியில்ல, தூக்கிப் போடு" என்பார் பெருந்தலை. வெள்ளிக்கிழமை பேட்சுகள் ஆறு மாதமானாலும் அசையாது. கட்டுரையில் போட்டதெல்லாம் அவைதான்.

இப்போது அவர் பத்துப் பேருக்குச் செய்யப்போகிறார். எதைப் பார்த்து? நான் எழுதிய ஆறு மணி நேரத்தைப் பார்த்து.

பிப்ரவரி 22, சனி

சந்தோஷத்தில் இரண்டு கப் டீ குடித்தேன். வாழ்க பெருந்தலை. நன்றாகச் செய்யுங்கள், தனியாளாகவே செய்யுங்கள்.

பிப்ரவரி 27, வியாழன்

சின்னவள் போன் செய்தாள். லேபில் எனக்குப் பின்னால் சேர்ந்தவள், இப்போது அங்கே அவள்தான் எல்லாம். நாலு வருஷமாக ஒரு விசாரிப்பு இல்லை, இன்றைக்கு அக்கா அக்கா என்று உருகுகிறாள்.

"அக்கா, ஈரப்பெட்டி ஆறு மணி நேரம்தானே? பஞ்சு தொட்டா கொஞ்சம் மெத்துனு இருக்கற மாதிரி இருக்கு. பழைய துண்டு இன்னும் விறைப்பா இருக்கும்."

கெட்டிக்காரி. விரலால் தொட்டே கண்டுபிடித்துவிட்டாள்.

"சோதனையில தேறுதா?" என்று கேட்டேன்.

"மூணு வாரச் சோதனை தேறிடுச்சு. அதான் சாரும் போதும்னுட்டாரு."

"பதிவேட்டுல என்ன எழுதியிருக்கோ அதான்மா."

பொய் சொல்லவில்லையே? பதிவேட்டில் அதுதானே இருக்கிறது? போனை வைத்துவிட்டு அறைக்குள் மூன்று சுற்று நடந்தேன். இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மார்ச் 5, புதன்

அண்ணனைச் சேர்க்கவில்லை. நாற்பத்தைந்து வயதுக்குள்தான் எடுப்பார்களாம், அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு. வாய்விட்டே "அப்பாடா" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"என் விதி உனக்கு அப்பாடாவா?"

தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

தனக்குக் கிடைக்கவில்லை என்றதும் அண்ணன், கிடைத்தவனைச் சிநேகிதம் பிடித்துக்கொண்டான். காத்திருக்கும் அறையில் பக்கத்தில் உட்கார்ந்தவனாம். முப்பத்தொரு வயது, தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. பதினாறு வயதிலிருந்து முட்டி போட்டே வாழ்க்கை. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, இடதுதான் மோசம். பத்துப் பேரில் முதல் ஆள் அவன்தான். ஏப்ரல் 3 அறுவை.

வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான். வந்ததும் வராததுமாக எங்கள் கூடத்துத் தரையை ஒரு தட்டுத் தட்டி, "யாருண்ணே ஒட்டுனது? நாலு கல்லு அடியில காத்தா இருக்கு" என்றான். அண்ணன், "உன் தொழில்காரன்தான்டா, பெயின்ட்காரன் மேல பழி போட்டுட்டுப் போனான்" என்றான். இரண்டு பேரும் சுவரையும் தரையையும் திட்டிக்கொண்டே பொழுதைக் கழித்தார்கள்.

நான் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஏப்ரல் 3இல் வைத்தால் ஏழாவது வாரம் மே 22. அதற்குள் மற்ற ஒன்பது பேருக்கும் வைத்து முடித்திருப்பார்கள். ஜூனில் ஒவ்வொருவராக வீங்கிய முட்டியோடு வருவார்கள். செய்தித்தாளில் மறுபடியும் அந்த முகம் வரும், இந்தமுறை உள்ளங்கையை நீட்டிக்கொண்டு இல்லை, முகத்தை மூடிக்கொண்டு. தனியாளாகப் போராடியவர் தனியாளாகவே பதில் சொல்லட்டும். இதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அலுக்கவில்லை.

உடைந்த பஞ்சைக் கழுவி எடுத்துவிடலாம். எடுக்க முடியும்தானே? மறுபடி ஒரு கீறல், மறுபடி ஆறு மாதம் படுக்கை. உயிருக்கு ஒன்றும் ஆகாது. தூள் போய் நல்ல எலும்பை உரசினால்? யாருக்குத் தெரியும். நாங்கள் அதைச் சோதித்ததில்லை.

யாரைக் கேட்கிறேன் நான்?

மார்ச் 15, சனி

தூக்கமில்லை. அது அவருடைய பாவம், என்னுடையது இல்லை.

மார்ச் 20, வியாழன்

லீவு போட்டுவிட்டு லேபுக்குப் போனேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன், சத்தியமாக. ஆனால் சும்மா சொல்ல மாட்டேன். என் பெயரைச் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிடட்டும், அப்புறம் வாயைத் திறக்கிறேன்.

அதே அறை. அவருக்குச் சுழலும் நாற்காலி, எதிரே உட்கார ஒன்றும் இல்லை. நின்றுகொண்டே பேசினேன். கேட்டு முடித்ததும் சிரித்தார்.

"சமைக்கிறவ பேரு மெனு கார்டுல வராதும்மா."

"சார், நீங்க பேரைப் போடுங்க. உங்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன். உங்களுக்கு நல்லது."

"மிரட்டுறியா? உனக்குத் தெரிஞ்சதெல்லாம் பதிவேட்டுல இருக்கு. நீ எழுதினதைத்தான் நான் அப்படியே போட்டேன், ஒரு எழுத்து மாத்தல. அதுக்கு மேல உங்கிட்ட என்ன இருக்கு?"

எழுதினதை அப்படியே போட்டாராம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன். "நல்லா நடக்கட்டும்."

நாசமாகப் போகட்டும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்தது, கோபத்தில்தான். அவர் கதறுவதை நான் பார்க்க வேண்டும். பார்க்காமல் சாக மாட்டேன்.

மார்ச் 26, புதன்

டைல்ஸ் தம்பி ஊன்றுகோல் வாங்கி வந்திருக்கிறான். அறுவைக்குப் பிறகு நடக்க இப்போதே பழகுகிறானாம். எங்கள் கூடத்தில் தத்தித் தத்தி இரண்டு பேரும் போட்டி வைத்தார்கள், அண்ணன் நொண்டி, அவன் ஊன்றுகோல். அண்ணன்தான் ஜெயித்தான். "பதிமூணு வருஷ அனுபவம்டா" என்றான்.

டீ கொடுக்கப் போனேன். கப்பை வாங்கிக்கொண்டு தம்பி சொன்னான்: "அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்காதீங்க. இதைக் கண்டுபிடிச்சது நீங்கதானாமே? அண்ணன் சொன்னாரு. அங்க பெரிய டாக்டர் என்னென்னமோ விளக்கினாரு, ஒண்ணும் புரியல, பயமாத்தான் இருந்துச்சு. இப்ப பயமில்ல. நம்ம அக்கா செஞ்சது."

நாலு வருஷமாக நான் கேட்டுக் காத்திருந்தது அந்த ஒரு வாக்கியம். அது இவன் வாயிலிருந்தா வர வேண்டும்?

அடுக்களைக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஐயோ, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவனைச் சொல்லிச் சிரிப்போம். நான் என் மூக்கைக்கூட அறுக்கல. இவன் முட்டியை இல்ல அறுக்கப் போறேன்.

மார்ச் 27, வியாழன்

லேபுக்குச் சொன்னால் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டு, அதற்கும் அவர் பெயரையே போட்டுக்கொள்வார். மாட்டேன். அனுமதி கொடுத்த நெறிமுறைக் குழுவுக்கே எழுதினேன். அவர் தப்பவும் கூடாது, தம்பி படுக்கவும் கூடாது.

மார்ச் 28, வெள்ளி

குழுவின் செயலாளர் அம்மா போன் செய்தார். குரலில் ஈவிரக்கம் இல்லை, நியாயம் இருந்தது. "பதிவேட்டுல ஆறுன்னு இருக்கு. அது பொய்னு சொல்றீங்க. எழுதினதும் நீங்க. ஆதாரம் என்ன?"

"என் டைரி" என்றேன்.

"முழு நோட்டும் வேணும். பக்கம் குறையக் கூடாது. நகல் எடுத்து எதிர்த்தரப்புக்கும் கொடுப்போம்."

வைத்தபிறகுதான் உறைத்தது. பழைய பக்கங்கள் இருக்கும் இதே நோட்டில்தான் பிப்ரவரி 22 இருக்கிறது. பிப்ரவரி 27 இருக்கிறது. மே 22 என்று நான் நாள் குறித்தது இருக்கிறது.

பத்துப் பக்கத்தைக் கிழித்தால் போதும். யாருக்குத் தெரியும்? எண் போட்டிருக்கிறேனே. போட்ட எண்ணை மாற்றலாம். மாற்றினால் மை தெரியும். அதுவும் என் தொழிலில் பக்கம் கிழித்த நோட்டு எதற்கும் சாட்சியாகாது. கிழிந்த ஓரத்தை ஒருவர் பார்த்துவிட்டால் வெள்ளிக்கிழமைகளையும் நம்ப மாட்டார்கள், ஏப்ரல் 3 நடந்துவிடும். ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்க வேண்டியதை எழுதி வைத்தவள் நான்.

நாளைக் காலை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இதை வாசிக்கப்போகும் பெரியவர்களுக்கு: எழுதியிருப்பதெல்லாம் நான் நினைத்ததுதான். பெருந்தலை சார், நீங்களும் வாசிப்பீர்கள். வாசியுங்கள். ஒரு வார்த்தையும் திரும்ப வாங்கவில்லை.

மே 30, வெள்ளி

நோட்டு இன்றுதான் திரும்பி வந்தது, பக்கத்துக்குப் பக்கம் முத்திரையோடு. விட்டுப்போனதை எழுதுகிறேன்.

ஏப்ரல் 1 அன்று எல்லா அறுவையையும் நிறுத்தினார்கள். 24ஆம் தேதி விசாரணை. நீள மேசை, அந்தப் பக்கம் ஐந்து பேர். ஓரத்தில் தம்பி, துணைக்கு அண்ணன். எதிரே பெருந்தலை, கையில் என் நோட்டின் நகல், மஞ்சள் ஒட்டுச்சீட்டுகள் சொருகி. தன் கட்டுரையையாவது இவ்வளவு கவனமாகப் படித்திருப்பாரா?

"உங்க லேபுல வெள்ளிக்கிழமை வெச்சதைத் திங்கட்கிழமை எடுத்திருக்காங்க. நூறு வாரமா உங்களுக்குத் தெரியலையா?" என்று செயலாளர் அம்மா கேட்டார். பெருந்தலை முழித்தார். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் "சரிபார்த்தேன்" என்று அவர் கையெழுத்து இருக்கிறது. அந்த முழியைப் பார்க்கத்தான் நான் உயிரோடு இருந்தேன். முழுசாக ஒரு நிமிஷம் பார்த்தேன். குளிர்ந்தது.

அப்புறம் பெருந்தலை ஒரு மஞ்சள் சீட்டைத் திறந்தார். "பிப்ரவரி 22. 'சந்தோஷத்தில் இரண்டு கப் டீ குடித்தேன்.' அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா? அஞ்சு வாரம் ஏன் சும்மா இருந்தே?"

கேட்கக் கூடாத வாயிலிருந்து கேட்க வேண்டிய கேள்வி. நான் அவரைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவன் தம்பியின் ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் அண்ணன் ஒன்றே ஒன்று சொன்னான். "பத்து முட்டி, பாப்பா." அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு ஒரு பேச்சு இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறான், சாப்பிடுகிறான், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறான். திட்டித் தொலைச்சிருந்தாலும் பரவாயில்ல.

ஜூன் 8, ஞாயிறு

தம்பி வந்தான், அண்ணனைப் பார்க்க. என்னிடம் "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அக்கா இல்லை.

ஜூன் 19, வியாழன்

அறிவிப்பு வந்துவிட்டது. கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. பெருந்தலையைப் பொறுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். எனக்கு மூன்று வருஷம் எந்த ஆய்வகத்திலும் நுழைய அனுமதி இல்லை. சின்னவள் தலைமையில் வெள்ளி முதல் திங்கள்வரை பெட்டியில் வைத்து, எட்டு வாரம் ஆட்டிப் பார்த்து, தேறினால் அக்டோபரில் தம்பிக்கு அறுவை. தேறும். எனக்குத் தெரியும்.

ஆறு வரி அறிவிப்பு. மூன்றாவது வரியில், ஈரப்பெட்டி நேரத்தைத் தவறாகப் பதிந்தவர் என்று என் பெயர், அதைச் சரிபார்க்காமல் கையொப்பமிட்டவர் என்று அவர் பெயர். பதிமூன்று வருஷத்தில் எங்கள் இரண்டு பேர் பெயரும் ஒரே வரியில் அச்சானது இதுதான் முதல்முறை. அவர் பெயர் அங்கே இருப்பது இப்போதும் எனக்கு இனிக்கத்தான் செய்கிறது. பொய் சொல்வானேன்.

சாப்பாட்டு மேசையில் அண்ணன் முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு விரல் வைத்து வாசித்தான். இரண்டு தடவை வாசித்தான்.

"மொதல்ல உன் பேரைப் போட்டிருக்கான்" என்றான். ஐம்பத்தாறு நாளைக்குப் பிறகு.

"ஆமாண்ணே."

"பேரைச் சரியா போட்டிருக்கானா?"

"சரியாத்தான்ணே போட்டிருக்கான்."

தாளை என் பக்கம் நகர்த்தினான். எழ முடியாமல் ஒரு கையை நீட்டினான், பிடித்துத் தூக்கிவிட்டேன். முட்டி சத்தம் போட்டது. கையை விட்டுவிட்டு அவன் அறைக்குப் போனான்.